வெட்கம் வேண்டாம், விழிப்பு வேண்டும்

(பேனையும் கீரிப்பூச்சியையும் பற்றி நலவாழ்வு மன்ற மாணவியர் எழுதுவது)

ஆண்டு மலர் என்றாலே விண்வெளியைப் பற்றியும் விஞ்ஞானிகளைப் பற்றியும் எழுதுவதுதான் வழக்கம். நலவாழ்வு மன்றத்தின் சார்பில் இவ்வாண்டு எதைப் பற்றி எழுதலாம் என்று நாங்கள் கூடிப் பேசியபோது ஒருத்தி புற்றுநோய் என்றாள். இன்னொருத்தி இதய நோய் என்றாள். கடைசி வரிசையில் இருந்தவள் மட்டும், "பேனைப் பற்றி எழுதினால் என்ன?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்துப் பார்த்தால் எங்களில் பாதிப் பேரின் கை தலையில் இருந்தது. அத்துடன் தலைப்பு முடிவாயிற்று.

பேனோடு கீரிப்பூச்சியையும் சேர்த்துக்கொண்டோம். ஒன்று தலையில் வாழ்வது. மற்றொன்று குடலில் வாழ்வது. ஆயினும் இவ்விரண்டுக்கும் ஒற்றுமைகள் பல உண்டு. இரண்டும் பள்ளி செல்லும் பருவத்தில்தான் மிகுதியாக வருகின்றன. இரண்டும் நெருங்கிப் பழகுவோரிடையே பரவுகின்றன. இரண்டையும் பற்றி வெளியே சொல்ல எல்லோரும் கூசுகிறோம். ஒருமுறை மருந்து போட்டுவிட்டு மறந்தால் இரண்டும் திரும்பி வந்துவிடுகின்றன.

இதை எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

விடுதிக்குப் புதிதாக வந்த ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி மாலைப் படிப்பு நேரத்தில் தலையைச் சொறிந்துகொண்டே இருந்தாள். பக்கத்தில் இருந்தவள் சற்று நகர்ந்து உட்கார்ந்தாள். அதைப் பார்த்து அடுத்தவளும் நகர்ந்தாள். உணவறையிலும் அப்படியே நடந்தது. யாரும் அவளை வையவில்லை. கடுஞ்சொல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான்கு நாட்கள் அவள் பெஞ்சின் ஓரத்தில் தனியே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்த தாயிடம் என்ன சொன்னாளோ, மறுநாளே அந்த அம்மா ஒரு சிறு புட்டியில் மண்ணெண்ணெய் கொண்டுவந்தார். "சிஸ்டர், இதைத் தடவி அரை மணி நேரம் விட்டால் போய்விடும். இல்லாவிட்டால் முடியை ஒட்ட வெட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் இப்படி வந்ததில்லை, சிஸ்டர்" என்று சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது.

விடுதியைக் கவனிக்கும் சிஸ்டர் அந்தப் புட்டியை வாங்கி அப்பால் வைத்தார். அந்த அம்மாவை உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். அன்று மாலை எங்களை அழைத்துப் பேன் சீப்புகளைக் கையில் தந்து, "அவள் தலையை மட்டும் பார்க்காதீர்கள். எல்லார் தலையையும் பாருங்கள். உங்கள் தலையையும் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். பார்த்தோம். விடுதியில் பாதிக்கு மேற்பட்டோர் தலையில் பேன் இருந்தது. முதலில் நகர்ந்து உட்கார்ந்தவளிடம் அந்தத் தங்கையிடம் இருந்ததைக் காட்டிலும் அதிகம் இருந்தது. எங்கள் மன்றச் செயலாளரின் தலையும் தப்பவில்லை.

அன்று எங்களுக்கு வந்த வெட்கம், பேன் இருந்ததற்காக அன்று. ஒரு சிறுமியை நான்கு நாட்கள் தனியே உட்காரவிட்டதற்காக. அதன்பின் குழந்தைநல மருத்துவர் ஒருவரிடம் கேட்டும், நூலகத்தில் படித்தும் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

பேனும் ஈரும்

பேன் ஆறு கால்களுள்ள ஒரு சிறு பூச்சி. வளர்ந்த பேன் எள்ளளவு இருக்கும். 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளம். அதற்கு இறக்கை இல்லை, ஆகவே பறக்காது. தாவும் கால்களும் இல்லை, ஆகவே குதிக்காது. ஒவ்வொரு காலின் நுனியிலும் கொக்கி போன்ற நகம் ஒன்று உண்டு. அதனால் முடியை இறுகப் பற்றிக்கொண்டு ஊர்ந்து செல்லும். நாளில் பலமுறை தலைத்தோலில் இரத்தம் உறிஞ்சி வாழும். தலையை விட்டுக் கீழே விழுந்துவிட்டால் உணவின்றி ஓரிரு நாட்களில் இறந்துவிடும். நாயிடமோ பூனையிடமோ இது வாழாது; மனிதத் தலையே இதன் வீடு.

பெண் பேன் ஒரு நாளில் 8 முட்டைகள் வரை இடும். அந்த முட்டையைத்தான் ஈர் என்கிறோம். முடியின் அடியில், தலைத்தோலை ஒட்டினாற்போல, ஒரு வகைப் பசையால் அதை ஒட்டிவைக்கும். பொடுகு விரலால் தட்டினால் உதிர்ந்துவிடும், ஈர் உதிராது. நகங்களுக்கிடையே பிடித்து இழுத்தால்தான் வரும். ஈர் 7 முதல் 10 நாட்களில் பொரிக்கும். பொரித்த குஞ்சு மேலும் 9 முதல் 12 நாட்களில் வளர்ந்து, தானும் முட்டையிடத் தொடங்கும். பேனின் ஆயுள் ஏறக்குறைய ஒரு மாதம். தங்கைகளே, இந்த நாட்கணக்கை நினைவில் வையுங்கள். மருந்தைப் பற்றிச் சொல்லும்போது இது தேவைப்படும்.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. எனவே தலைத்தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி ஒட்டியிருக்கும் ஈர் பெரும்பாலும் பொரித்துப்போன வெறுங்கூடுதான். உயிரோடு ஊரும் பேனைக் கண்டால்தான் பேன் இருக்கிறது என்று முடிவு செய்ய வேண்டும். வெறுங்கூட்டைக் கண்டு மருந்து தேடி ஓடுவதே ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது!

இன்னொரு செய்தியும் உண்டு. பேன் கடிக்கும்போது அதன் எச்சில் நம் தோலில் சேர்கிறது. அது உடலுக்கு ஒவ்வாமல் போவதால்தான் அரிப்பு உண்டாகிறது. முதன்முறையாகப் பேன் பற்றியவருக்கு இந்த அரிப்பு தொடங்க 4 முதல் 6 வாரங்கள்கூட ஆகலாம். இதிலிருந்து என்ன தெரிகிறது? சொறிகிறவள்தான் பேனைக் கொண்டுவந்தவள் என்று சொல்ல முடியாது. அரிப்பே இல்லாமல் பக்கத்தில் அமர்ந்திருப்பவளிடமிருந்து அவளுக்கு வந்திருக்கலாம். ஆகவே "யாரால் வந்தது?" என்று விசாரிப்பதில் பயனில்லை.

அரசிக்கும் உண்டு, ஆண்டிக்கும் உண்டு

அழுக்காக இருப்பவருக்கே பேன் வரும் என்பது நம்மில் பலருடைய எண்ணம். இது தவறு. சீயக்காய் தேய்த்து அன்றே குளித்த கூந்தலையும், ஒரு வாரம் குளிக்காத கூந்தலையும் பேன் ஒன்றுபோலவே பற்றிக்கொள்ளும். அதற்கு வேண்டியது இரத்தமும் முடியும்தான்.

திருவிவிலியத்தின் யோசுவா நூலில் இலாக்கிசு என்ற நகரைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அந்நகர் இருந்த இடத்தில் 2016இல் அகழாய்வு செய்தபோது ஒரு சிறிய தந்தச் சீப்பு கிடைத்தது. சில ஆண்டுகள் கழித்துத்தான் அதில் ஏதோ கீறியிருப்பதைக் கவனித்தார்கள். படித்துப் பார்த்தபோது, கானானிய நெடுங்கணக்கின் 17 எழுத்துகள் தெரிந்தன. முடியிலும் தாடியிலும் உள்ள பேன்களை இந்தத் தந்தம் களைந்தெறியட்டும் என்பதே அதன் பொருள். 2022இல் இச்செய்தி வெளியாயிற்று. சீப்பின் வயது ஏறக்குறைய 3,700 ஆண்டுகள் என்று ஆய்வாளர் கணித்துள்ளனர். அந்நெடுங்கணக்கில் நமக்குக் கிடைத்துள்ள முழு வாக்கியங்களுள் இதுவே மிகப் பழையது என்கிறார்கள். கானான் நாட்டில் அக்காலத்தில் யானைகள் இல்லை. தந்தம் வெளிநாட்டிலிருந்து வந்தாக வேண்டும். அத்தகைய விலையுயர்ந்த சீப்பை வைத்திருந்தவர் ஏழையாக இருந்திருக்க முடியாது. செல்வர் வீட்டுத் தலையிலும் பேன் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தலையோடு தலை ஒட்டும்போது பேன் ஊர்ந்து மறு தலைக்குப் போகிறது. ஒரே பாயில் நெருங்கிப் படுக்கும்போதும், காதோடு காதாக இரகசியம் பேசும்போதும், ஒரே புத்தகத்தின் மீதோ ஒரே கைப்பேசியின் மீதோ நான்கு தலைகள் கவியும்போதும் இது நடக்கிறது. சிறுமியர் சிறுவர்களைவிட இப்படி நெருங்கிப் பழகுவதால்தான் நம்மிடம் பேன் அதிகம். சீப்பு, ரிப்பன், துண்டு வழியாகவும் வரலாம். ஆனால் அது குறைவே.

பேனால் கொடிய நோய் வருமோ என்று பெற்றோர் அஞ்சுவதுண்டு. 1909இல் துனிஸ் நகரில் சார்ல் நிக்கோல் என்ற பிரெஞ்சு மருத்துவர், டைபஸ் காய்ச்சலைப் பேன் பரப்புகிறது என்று கண்டறிந்தார். அதற்காக 1928ஆம் ஆண்டின் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் அது உடைகளின் மடிப்பில் வாழும் உடற்பேன். நம் தலைப்பேன் அத்தகைய நோயைப் பரப்புவதில்லை. சொறிந்து சொறிந்து தலையில் புண்ணாகிச் சீழ் பிடிப்பதுதான் தலைப்பேனால் வரக்கூடிய தொல்லை. அப்படிப் புண் கண்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பேனைப் போக்கும் வழி

வழிகள் இரண்டு. ஒன்று சீப்பு, மற்றொன்று மருந்து.

சீப்பு வழிக்குச் செலவில்லை, பொறுமைதான் வேண்டும். கூந்தலை நனைத்து, தாராளமாக எண்ணெயோ கண்டிஷனரோ தடவிச் சிக்கெடுக்க வேண்டும். ஈரக் கூந்தலில் பேன் ஓடி ஒளிய இயலாது. பிறகு சிறு சிறு வகிடாகப் பிரித்து, நெருங்கிய பற்களுள்ள பேன் சீப்பைத் தலைத்தோலில் பட வைத்து, வேரிலிருந்து நுனிவரை இழுத்து வார வேண்டும். ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். நீண்ட கூந்தலுக்கு அரை மணி நேரமாவது ஆகும். இதை முதல் நாள், 5ஆம் நாள், 9ஆம் நாள், 13ஆம் நாள் என்று நான்கு முறை செய்துவிட்டு, 17ஆம் நாள் ஒரு பேனும் இல்லை என்று பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். அன்றும் பேன் தென்பட்டால் மறுபடி தொடங்க வேண்டும்.

மருந்து வழியில் பெரும்பாலும் பயன்படுவது 1 சதவீதம் பெர்மெத்ரின் கலந்த மருந்து. கண்டிஷனர் போடாமல் தலையை அலசித் துவட்டி, மருந்தைத் தடவி, 10 நிமிடங்கள் விட்டுக் கழுவ வேண்டும். இது பேனைக் கொல்லும். ஆனால் எல்லா ஈரையும் கொல்லாது. தப்பிய ஈர் ஒரு வாரத்தில் பொரித்துவிடும். பொரித்த குஞ்சு முட்டையிடும் பருவத்தை அடையுமுன் அதைக் கொல்ல வேண்டும். ஆகவேதான் 9ஆம் நாள் வாக்கில் இரண்டாம் முறை மருந்து போடச் சொல்கிறார்கள். முன்னே சொன்ன நாட்கணக்கு இதற்குத்தான். முதல் முறை போட்டவுடன் அரிப்பு குறைந்துவிட்டதென்று இரண்டாம் முறையை விட்டுவிடுவதே நாம் செய்யும் பெரிய பிழை.

சில இடங்களில் பேன்கள் பெர்மெத்ரினுக்குப் பழகிப்போய்ச் சாவதில்லை. இரண்டு முறை போட்டும் பேன் ஊர்ந்தால் மூன்றாம் முறை நாமாகப் போடாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். பேனின் மேல் மூடிப் படிந்து கொல்லும் டைமெத்திகோன் போன்ற வேறு மருந்துகளும் உள்ளன. எந்த மருந்தையும் சிறு குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் மருத்துவரைக் கேட்ட பிறகே போட வேண்டும்.

எந்த வழியானாலும் வீட்டில் உள்ள அனைவர் தலையையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும். அப்பா, அண்ணன், தம்பி, பாட்டி ஒருவரையும் விடக்கூடாது. பேன் உள்ளவர் எல்லோரும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். மகளுக்கு இன்று, தாய்க்கு அடுத்த வாரம் என்றால், தாயிடமிருந்து மகளுக்கு மறுபடி வந்துவிடும். சீப்புகளைச் சுடுநீரில் 10 நிமிடங்கள் ஊறவைத்தால் போதும். கடந்த இரண்டு நாட்களில் பயன்படுத்திய தலையணை உறை, துண்டு, ரிப்பன் ஆகியவற்றைச் சுடுநீரில் துவைத்து வெயிலில் போட்டால் போதும். வீடு முழுதும் மருந்தடிக்கத் தேவையில்லை.

செய்யக் கூடாதவை

மண்ணெண்ணெய் தடவவே கூடாது. அது தோலைப் புண்ணாக்கும். மூச்சில் கலந்தால் நெஞ்சுக்குக் கேடு. மண்ணெண்ணெய் தடவிய தலையோடு அடுப்பருகே போனால் தீப்பற்றும். ஒரு பேனுக்காக ஒரு பெண்ணின் உயிரையே ஆபத்தில் வைக்கலாமா?

சீத்தாப்பழ விதையை அரைத்துத் தடவுவது பல வீடுகளில் வழக்கம். அந்தத் தூள் கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும். தேங்காயெண்ணெயில் கற்பூரம் கலந்து வைப்பதும் உண்டு. அதைச் சிறு குழந்தை எடுத்து விழுங்கிவிட்டால் வலிப்பு வரும். வயலுக்கும் கரப்பான்பூச்சிக்கும் அடிக்கும் மருந்தைத் தலையில் வைப்பதை நினைத்தும் பார்க்கக் கூடாது.

தலையை மழிப்பதும் வேண்டாம். வேண்டுதலுக்காக வேளாங்கண்ணியில் முடி கொடுப்பது வேறு. பேனுக்காக ஒரு சிறுமியின் கூந்தலை மழித்து வகுப்புக்கு அனுப்புவது வேறு. முன்னது மகிழ்ச்சி, பின்னது தண்டனை. சீப்பும் பொறுமையும் செய்யும் வேலைக்குக் கத்தி எதற்கு?

கீரிப்பூச்சி

இனிக் கீரிப்பூச்சிக்கு வருவோம். பேனைப் பற்றியாவது சிரித்துப் பேசிவிடுகிறோம். இதைப் பற்றித் தாயிடம்கூடச் சொல்லாத பிள்ளைகள் உண்டு. இரவில் தூக்கமின்றிப் புரண்டு, பகலில் வகுப்பில் தூங்கி விழுந்து, ஆசிரியையிடம் வசை வாங்குவார்கள். காரணத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

இது வெள்ளை நூல் துண்டு போன்ற சிறு புழு. பெண் புழு 8 முதல் 13 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். ஆண் புழு அதைவிடச் சிறியது. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் பகுதியில் வாழும். முட்டை நிறைந்த பெண் புழு, பிள்ளை உறங்கிய பின் ஆசனவாய்க்கு வெளியே வந்து, சுற்றியுள்ள தோலில் ஏறக்குறைய 10,000 முட்டைகளை இடும். அப்போதுதான் அந்தத் தாங்க முடியாத அரிப்பு. பெண்குழந்தைகளுக்கு முன்புறத்திலும் அரிப்பும் எரிச்சலும் உண்டாகலாம். சில பிள்ளைகள் இதனால் படுக்கையை நனைத்துவிடுவதும் உண்டு. அதற்காக அவர்களை அடிப்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

பிள்ளை தூக்கத்திலேயே சொறிகிறாள். கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் நகக்கண்ணில் சேர்கின்றன. இட்ட சில மணி நேரத்திலேயே அவை தொற்றக்கூடிய நிலையை அடைந்துவிடும். காலையில் அந்த விரல் வாய்க்குப் போனால் முட்டையும் வயிற்றுக்குள் போகிறது. ஒன்று முதல் இரண்டு மாதத்தில் அது வளர்ந்து மறுபடி முட்டையிடும். படுக்கைவிரிப்பு, உள்ளாடை, கதவுப் பிடி, விளையாட்டுப் பொருள் ஆகியவற்றில் ஒட்டிய முட்டைகள் 2 முதல் 3 வாரங்கள்வரை உயிரோடிருக்கும். இப்படித்தான் ஒருவரிடமிருந்து வீடு முழுவதும் பரவுகிறது.

இனிப்பு தின்றால் பூச்சி வரும் என்பார்கள்; உண்மையன்று. முட்டையை விழுங்கினால்தான் பூச்சி வரும். நாய் பூனையாலும் இது வருவதில்லை. இந்தப் புழு மனிதரிடம் மட்டுமே வாழ்வது.

கண்டுபிடிப்பது எளிது. பிள்ளை உறங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத் தாய் விளக்கொளியில் பார்த்தால், வெள்ளை நூல் போல் நெளிவது தெரியும். தெரியாவிட்டால், காலையில் மலம் கழிக்கும் முன்னும் குளிக்கும் முன்னும் ஒட்டும் நாடாவை ஆசனவாயின் ஓரத்தில் ஒற்றி எடுத்து, மருத்துவர் சொல்லும்படி கொண்டுபோய்க் கொடுத்தால், நுண்ணோக்கியில் முட்டைகள் தெரியும். மூன்று நாட்கள் தொடர்ந்து இவ்வாறு செய்தால் ஏமாறுவதற்கில்லை. மலப் பரிசோதனையில் இது பெரும்பாலும் தெரிவதில்லை; ஏனெனில் புழு முட்டையிடுவது குடலுக்குள் அன்று, வெளியே தோலில்.

வீடு முழுவதும், இரண்டு முறை

இதற்கு அல்பெண்டசோல், மெபெண்டசோல் என்ற மாத்திரைகள் உள்ளன. மருத்துவர் அளவு சொல்வார். மாத்திரை புழுவைக் கொல்லும். முட்டையை முழுதும் கொல்லாது. எனவே இரண்டு வாரம் கழித்து மறுபடியும் ஒரு வேளை எடுத்துக்கொள்ள வேண்டும். அரிப்பு உள்ளவர் மட்டுமன்றி, வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் உட்கொள்ள வேண்டும். பேனுக்குச் சொன்னதில் இங்கு ஒரு வேறுபாடு உண்டு. பேன் கண்ணுக்குத் தெரியும். ஆதலால் இருப்பவருக்கு மட்டும் மருந்து போதும். கீரிப்பூச்சி அரிப்பே இல்லாமலும் ஒருவரிடம் இருக்கலாம். ஆதலால் எல்லோருக்கும் மருந்து வேண்டும். கருவுற்ற பெண்களும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளக் கூடாது.

"பள்ளியில்தான் பூச்சி மாத்திரை கொடுக்கிறார்களே?" என்று சிலர் கேட்கலாம். தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கியது. 1 முதல் 19 வயது வரை உள்ளோருக்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் தருகிறார்கள். அந்தத் திட்டம் மண் வழியாக வரும் நாக்குப்பூச்சி, கொக்கிப்புழு முதலியவற்றை முன்னிட்டு ஏற்பட்டது. அதனை எல்லோரும் தவறாமல் உட்கொள்ள வேண்டும். ஆனால் கீரிப்பூச்சிக்கு அந்த ஒரு மாத்திரை போதாது. இரண்டு வாரத்தில் மறு வேளையும், வீட்டார் அனைவருக்கும் மருந்தும் வேண்டும் என்பதை மறக்கலாகாது.

மாத்திரையோடு இரண்டு வாரம் கடைப்பிடிக்க வேண்டியவை இவை:

1. காலையில் எழுந்ததும் இடுப்புக்குக் கீழே நன்றாகக் கழுவிக் குளிக்க வேண்டும். இரவில் இட்ட முட்டைகள் அப்போதே போய்விடும்.

2. இரவில் உள்ளாடை அணிந்து உறங்கி, காலையில் அதை மாற்ற வேண்டும்.

3. நகங்களை ஒட்ட வெட்ட வேண்டும். நகம் கடிக்கும் பழக்கத்தையும் விரல் சூப்பும் பழக்கத்தையும் விட வேண்டும்.

4. உண்ணுமுன்னும் கழிப்பறைக்குச் சென்று வந்த பின்னும் சோப்புப் போட்டு, நகக்கண்களையும் தேய்த்துக் கை கழுவ வேண்டும்.

5. படுக்கைவிரிப்பை உதறக் கூடாது. உதறினால் முட்டைகள் காற்றில் பறக்கும். சுருட்டி எடுத்துச் சுடுநீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப்போட வேண்டும். தரையைப் புழுதி எழப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

கூழானாலும் குளித்துக் குடி என்று நம் பெரியோர் சொன்ன பழமொழியைச் சிறுவயதிலிருந்து கேட்டு வருகிறோம். காலையில் குளித்துக் கை கழுவிய பின்னரே உணவில் கை வைக்க வேண்டும் என்பதுதானே அதன் பொருள்? கீரிப்பூச்சிக்கு அதைவிட நல்ல அறிவுரையை எந்த மருத்துவரும் சொல்ல முடியாது.

யார் யாருக்கு என்ன கடமை?

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வாரம் ஒருமுறை, எண்ணெய் தேய்க்கும் நாளில், பிள்ளையின் தலையைப் பாருங்கள். பேன் கண்டால் திட்டாதீர்கள்; வகுப்பு ஆசிரியைக்கோ விடுதி சிஸ்டருக்கோ தெரிவியுங்கள். மறைத்தால் உங்கள் பிள்ளையிடமிருந்து போன பேன் பத்துத் தலை சுற்றி உங்கள் பிள்ளையிடமே திரும்பி வரும்.

ஆசிரியைகளுக்கு ஒரு விண்ணப்பம். பேன் உள்ள பிள்ளையை வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் எழுப்பிச் சொல்லாமல், தனியே அழைத்துச் சொல்லுங்கள். வீட்டுக்கு அனுப்பவும் வேண்டியதில்லை. பேனுக்காகவோ ஈருக்காகவோ நலமான பிள்ளை பள்ளிக்கு வருவதைத் தடுக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் 2022இல் வெளியிட்ட அறிக்கையிலும் கூறியுள்ளது. நம்மில் எவளுக்கும் பேன் இன்று வந்ததன்று. கண்டுபிடிப்பதற்குச் சில வாரம் முன்பே வந்தது. ஒரு நாள் பாடத்தை இழப்பதால் ஆவது ஒன்றுமில்லை.

தங்கைகளுக்கு நாங்கள் சொல்வது இதுதான். சீப்பு, ரிப்பன், துண்டு ஆகியவற்றை மாற்றிக்கொள்ளாதீர்கள். விரித்த கூந்தலோடு கூட்டமாய் உட்காராமல் பின்னிக் கட்டிக்கொள்ளுங்கள். தலை அரித்தாலும், இரவில் அரித்தாலும், அம்மாவிடமோ சிஸ்டரிடமோ அக்காக்களிடமோ அன்றே சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவள் சொறிந்தால் நகர்ந்து உட்காராதீர்கள். "வா, பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள்.

விடுதியில் அந்த ஆண்டு முதல் நாள், 5ஆம் நாள், 9ஆம் நாள், 13ஆம் நாள் என்று நான்கு மாலைகள் தாழ்வாரத்தில் வரிசையாக அமர்ந்து ஒருவர் தலையை ஒருவர் வாரினோம். முதல் நாள் ஒருவரும் பேசவில்லை. 5ஆம் நாள் கதை பேசினோம். 9ஆம் நாள், முதலில் நகர்ந்து உட்கார்ந்தவளின் தலையை அந்த ஆறாம் வகுப்புத் தங்கையே வாரினாள். எங்கள் எல்லோரையும்விட அவளுக்குக் கை நிதானம் அதிகம். 17ஆம் நாள் பார்த்தபோது மூன்று பேர் தலையில் மட்டும் பேன் இருந்தது; அவர்கள் மறுபடி தொடங்கினார்கள். அவர்களைவிட்டு எவரும் நகர்ந்து உட்காரவில்லை.

அந்தத் தங்கை இப்போது எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். கூந்தல் இடுப்புவரை இருக்கிறது. இவ்வாண்டு ஜூன் மாதத்தில் புதிய பிள்ளைகள் விடுதிக்கு வந்தபோது, பேன் சீப்பை எடுத்துக்கொண்டு முதலில் போய் அவர்களருகே உட்கார்ந்தவள் அவள்தான்.

பேன் சிறியது, கீரிப்பூச்சியும் சிறியது. இவற்றை ஒழிக்கச் சீப்பும் மாத்திரையும் சோப்பும் போதும். ஆனால் ஒரு பிள்ளையைத் தனியே ஒதுக்கி உட்காரவைத்தால் அந்த வடு எளிதில் ஆறாது. ஆகவே வெட்கத்தை விட்டு விழிப்புக் கொள்வோம். எல்லோரும் சேர்ந்து, ஒரே நாளில் தொடங்கி, இரண்டாம் முறையை மறவாமல் செய்து, நம் வீட்டையும் விடுதியையும் நலமுடன் காப்போமாக!